பத்தொன்பது ஜோடி

எங்கள் பக்கத்தில் பி.எஸ்ஸி. விலங்கியலை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவனுக்கு முதலில் எம்.பி.பி.எஸ்., அது போனால் கால்நடை மருத்துவம், அதுவும் போனால் வேளாண்மை. 1987-ல் காரைக்காலுக்கே பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி வந்ததிலிருந்து அந்த மூன்றாவது ஆசை சற்றுக் கிட்டத்தில் தெரிந்தது. தெரிந்ததே தவிர கைக்கு வரவில்லை. இப்படி ஒவ்வொரு பட்டியலிலும் பெயர் இல்லாமல் போனவர்கள் வந்து சேரும் கடைமடைதான் விலங்கியல் துறை. போலகத்துக்காரனுக்குக் கடைமடை புதிதல்ல. ஜூன் 12-ல் மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால்தான் எங்கள் வாய்க்காலுக்கு வரும்.

நான் 1989-ல் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் சேர்ந்தேன். அன்பநாதபுரம் வகையறா அறக்கட்டளை 1955-ல் தொடங்கிய கல்லூரி அது. போலகத்திலிருந்து பட்டினம் (திருமலைராயன்பட்டினத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), அங்கிருந்து காரைக்கால், பிறகு மாயவரம் பஸ். நண்டலாறு தாண்டினால் தமிழ்நாடு. பொறையாறு, தரங்கம்பாடி, ஆக்கூர், செம்பனார்கோயில், அப்புறம் கல்லூரி. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எல்லை கடக்கிற படிப்பு. வகுப்பில் காரைக்கால்காரன் என்றால் கேட்பதற்கு ஒரே கேள்விதான்: "பாட்டில் எங்கடா?" என்னிடம் இருந்த பாட்டில் ஃபார்மலின் பாட்டில்.

சேர்ந்த அன்று வீட்டுக்கு வந்த மாமா, "பல்லி பூச்சி அறுக்கவா மாப்ள காலேஜு?" என்றார். அம்மாவுக்குக் கோபம். அப்பா எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அன்று நாற்றுப் பறிக்கிற கவலை.

காரைக்கால் பள்ளிகளிலும் அப்போது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான். பிளஸ் டூ வரை தமிழில் படித்தேன். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். ஏகாம்பரநாத ஐயர் எழுதிய விலங்கியல் கையேடு நூலகத்தில் இருந்தது; நல்ல புத்தகம், பொறுமையாகப் படித்தால் எல்லாம் இருக்கும். ஆனால் தமிழ்வழிப் பையன்களைக் கரையேற்றியது நாகர்கோவில் சாரஸ் பதிப்பகத்தின் ஆறுமுகம் புத்தகங்கள். சின்னச் சின்ன வாக்கியம், தலைப்பு, படம், மறுபடி தலைப்பு. தென்தமிழ்நாடு முழுக்க ஒரு தலைமுறை விலங்கியல் பட்டதாரிகள் அந்தப் புத்தகங்களில்தான் ஆங்கிலமும் கற்றார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். பேராசிரியர்களுக்கு அவற்றைப் பிடிக்காது. எழுதிவைத்த நோட்ஸ் மாதிரி இருக்கிறது என்பார்கள். அதனால்தான் எங்களுக்குப் பிடித்தது.

ரெக்கார்ட் நோட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஹெச்.பி. பென்சில், நிழல் அடிக்கக் கூடாது, பெயர் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, எல்லாப் பெயரும் வலப்பக்கம் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். படத்தைப் போன வருஷத்து அண்ணன் நோட்டிலிருந்து எடுப்போம். அந்த அண்ணன் அதற்கு முந்தின அண்ணன் நோட்டிலிருந்து எடுத்திருப்பார். கல்லீரல் புழுவின் படத்தில் யாரோ ஒருவர் விட்டுப்போன உறிஞ்சி எங்கள் வகுப்பு வரைக்கும் விட்டே போயிருந்தது. எதிரில் தட்டில் பிராணி கிடக்கும்; நாங்கள் நோட்டைப் பார்த்து வரைந்துகொண்டிருப்போம். அலைடு கெமிஸ்ட்ரி உப்புச் சோதனையும் இதே கதை. விடையை முதலில் தெரிந்துகொண்டு சோதனையைப் பின்னால் செய்வது.

ஸ்பாட்டர் வேறு. அதில் ஏமாற்ற வழி இல்லை. நீள மேசையில் வரிசையாக ஜாடி, ஸ்லைடு, எலும்பு, உலர்ந்த சிப்பி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. லேப் அட்டெண்டர் மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும். என்ன பிராணி, எந்தத் தொகுதி, எதை வைத்துச் சொல்கிறாய் என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பெண். பெயரை ஊகித்துவிடலாம், காரணத்தை ஊகிக்க முடியாது. நண்டின் வயிற்றடியில் மஞ்சள் பை ஒன்று தொங்கும். முட்டை என்று எழுதினவன் போனான். அது சாக்குலினா. நண்டுக்குள் வேர்விட்டு உறிஞ்சும் ஓர் ஒட்டுண்ணி, அதுவும் ஓட்டுடலிதான், கொட்டலசுக்குச் சொந்தக்காரன். கால், கண், கண்டம் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வெறும் பையாகிவிட்ட உயிரை எந்தக் குடும்பம் என்று எதை வைத்துச் சொல்வது? அதன் குஞ்சை வைத்து. குஞ்சுப் பருவத்தில் அது மற்ற ஓட்டுடலிகளைப் போலவே நாப்ளியஸாக நீந்துகிறது. வளர்ந்ததை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதை முதன்முதலில் அந்த ஜாடி முன்னால்தான் புரிந்துகொண்டேன். பிழைப்பே அதில்தான் அமையும் என்று அப்போது தெரியாது.

பாம்பு ஸ்பாட்டரும் அப்படித்தான். வால் துடுப்பு மாதிரி பக்கவாட்டில் தட்டையா? கடல்பாம்பு. அடிவயிற்றுச் செதில் உடலின் முழு அகலத்துக்கும் இருக்கிறதா? இருந்தால் தலைக்குப் போ. தலையில் சின்னச் சின்னச் செதிலா? விரியன் வகை. மேலுதட்டின் மூன்றாவது செதில் மூக்கையும் கண்ணையும் தொடுகிறதா? நாகம், அல்லது பவளப்பாம்பு. முதுகின் நடுவரிசைச் செதில்கள் அறுகோணமாக, பெரிதாக இருக்கின்றனவா? கட்டுவிரியன்.

இந்த அட்டவணை ஊரில் பிரபலமாகிவிட்டது. போலகத்தில் பாம்பு அடித்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு சம்பா அறுவடையில் களத்தில் படுத்திருந்தவரைக் கடித்துவிட்டது என்று ஆளையும் அடித்த பாம்பையும் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். கறுப்பு உடல், வெள்ளைப் பட்டை. கூட்டத்தில் பாதிப் பேர் கட்டுவிரியன் என்றார்கள், மீதிப் பேர் வெறும் வரையன் பாம்பு என்றார்கள். "ஆள முதல்ல காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குக் கிளப்புங்க, பாம்பை அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். முதுகின் நடுவரிசை மற்ற வரிசைகளைப் போலவே இருந்தது, பெரிதாக இல்லை. வாலின் அடியைத் திருப்பினேன். கட்டுவிரியனுக்கு அங்கே செதில் ஒற்றையாகப் போகும். இதற்கு இரண்டிரண்டாகப் பிரிந்து போனது. பட்டைகளும் தலைப்பக்கம் அகலமாக ஆரம்பித்து வாலை நோக்கி மங்கின. விஷமில்லாத ஓநாய்ப்பாம்பு. ஆள் மறுநாள் திரும்பிவிட்டார். மாமா அதற்கப்புறம் பல்லி பூச்சிப் பேச்சை எடுக்கவில்லை.

இனி இறாலுக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டு செய்முறையில் இறாலின் உறுப்புகளைக் கழற்றி அட்டையில் ஒட்ட வேண்டும். 19 ஜோடி. தலையில் 5, மார்பில் 8, வயிற்றில் 6. எல்லாம் ஒரே மாதிரியான கால்களிலிருந்து வந்தவை. ஒன்று உணர்கொம்பாயிற்று, ஒன்று தாடையாயிற்று, ஒன்று நடக்கிறது, ஒன்று நீந்துகிறது. புத்தகத்தில் இதை ஒரு பக்கத்தில் சொல்லிவிடுவார்கள். கையால் கழற்றினால்தான் அதன் அருமை தெரியும். பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வால் துடுப்பு ஜோடி, பிறகு நீந்துகால்கள், நடைகால்கள், தாடைக்கால்கள் என்று முன்னேற வேண்டும். முன்னாலிருந்து ஆரம்பித்தால் பின்னால் இருப்பது பிய்ந்துவிடும். இடுக்கியால் காலின் நடுவைப் பிடிக்கக் கூடாது, உடம்போடு சேரும் மூட்டைப் பிடித்து ஒரு சின்னத் திருகு. தாடை கடினம், தெரிந்துவிடும். அதற்கு அடுத்து இருக்கிற மாக்ஸில்லுலாதான் எமன். மெல்லிய இலை; இடுக்கியின் நுனியில் ஒட்டிக்கொண்டு வரும், அட்டையில் வைக்கப்போகும்போது இருக்காது. எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அட்டையில் அந்த இடத்தில் வேறு ஏதோ சதைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதற்கடுத்த மாக்ஸில்லாவில் விசிறி மாதிரி அகன்ற ஒரு பகுதி உண்டு. உயிருள்ள இறாலைக் கண்ணாடித் தொட்டியில் விட்டுச் செவுள் ஓரமாகப் பார்த்தால் அந்த விசிறி ஓயாமல் படபடப்பது தெரியும். செவுளுக்குள் புதுத் தண்ணீரை இழுப்பது அதுதான்.

இறாலை நாங்களே கொண்டுவர வேண்டும். எனக்கு அது சுலபம். பட்டினச்சேரியில் மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் முதல் நாள் மாலையே சொல்லிவிடுவேன். "கறிக்கா தம்பி?" "இல்லக்கா, காலேஜுக்கு." ஒரு நாள் அவர் கூடையில் இரண்டு வகை கலந்திருந்தது. எங்கள் பாடத்தில் இருந்தது ஆற்று இறால். லேபுக்கு வழக்கமாக வந்தது கடல் இறால். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் பேராசிரியர். நான் புத்தகத்தில் படித்ததைச் சொல்லிச் சொல்லிப் பிரித்தேன். கடல் இறாலுக்கு முதல் மூன்று ஜோடி நடைகாலிலும் இடுக்கி. ஆற்று இறாலுக்கு முதல் இரண்டில் மட்டும். கடல் இறாலின் வயிற்றோடுகள் முன்னது பின்னதை மூடிக்கொண்டு வரிசையாகப் போகும்; ஆற்று இறாலுக்கு இரண்டாவது ஓடு முன்னாலும் பின்னாலும் இருப்பவற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயி கால எண்ணிக்கிட்டு இருக்கியே. ஆத்து எறா வயித்துல முட்டையக் கட்டிக்கிட்டுத் திரியும். கடல் எறா என்னைக்காவது முட்டையோட வந்து பாத்திருக்கியா?" என்றார்.

பார்த்ததில்லை. எத்தனையோ முறை இறால் உரிக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அது உறைத்ததே இல்லை. கடல் இறால் முட்டையைக் கடலில் விட்டுவிடுகிறது. ஆற்று இறாலும் நண்டும் சிங்கி இறாலும் நீந்துகால்களில் ஒட்டவைத்துச் சுமக்கின்றன. பத்துக்கால் ஓட்டுடலிகளின் பெருங்குடும்பத்தையே இந்த வித்தியாசத்தையும் செவுளின் அமைப்பையும் வைத்து இரண்டாகப் பிரிக்கலாம் என்று 1963-ல் மார்ட்டின் பர்கன்ரோடு என்ற அமெரிக்கர் எழுதினார். இன்றுவரை அந்தப் பிரிவு நிற்கிறது. எங்கள் பாடப்புத்தகம் அந்த இடத்துக்கு வரவே இல்லை. அக்காவுக்குத் தெரிந்தது பர்கன்ரோடுக்கும் தெரிந்திருந்தது, எனக்குத்தான் இரண்டு பேரிடமிருந்தும் வர வேண்டியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் தினமும் பஸ்ஸில் தாண்டிப்போன தரங்கம்பாடியில்தான் எங்கள் பாடத்தின் பாதி ஆரம்பித்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்டு கூனிக் 1768-ல் அங்கே மருத்துவராக வந்து செடி சேகரித்தார். ரோட்லர் என்பவர் 1776-ல் வந்தார். அவர் உலர்த்தி வைத்த செடிகள் லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. கிறிஸ்தோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் கடற்கரையில் கிடைத்த மீன்களைப் பெர்லினில் இருந்த மார்க்கஸ் ப்ளோக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். ப்ளோக் 1793-ல் கத்தாளை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று அவர் பெயரை வைத்தார். நாங்கள் ஜானியஸ் என்று ஜாடியில் எழுதி ஒட்டினோம், அந்த ஜான் யாரென்று தெரியாமலே.

அதைவிட ருசியானது பனையேறிக் கெண்டை. விலங்கியல் படித்த எவரைக் கேட்டாலும் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி சொல்வார்கள்: மீன்களின் துணைச் சுவாச உறுப்புகள். அனாபாஸ், கிளாரியாஸ், ஹெட்டிரோநியூஸ்டஸ், சன்னா. எங்கள் வாய்க்கால் பாஷையில் பனையேறி, தேளி, விரால், குறவை. கிளாரியாஸும் அதே சேற்றில் கிடக்கும். டேனிஷ் கம்பெனியில் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர், 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் குளத்தோரம் நின்ற பனையில் நீர்மட்டத்துக்கு மேல் 5 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னியன் சங்கத்தின் ஏட்டில் 1797-ல் அது அச்சானது. காக்கையோ பருந்தோ தூக்கிப்போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் மழை விழுந்த இரவில் வரப்பைத் தாண்டிச் செவுள் முள்ளை ஊன்றி ஊன்றி அது ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போவதை நாற்றங்காலில் நானே பார்த்திருக்கிறேன்.

லேபில் அந்த உறுப்பின் படத்தைத்தான் வரைந்தோம். வீட்டில் அம்மா குழம்புக்கு வாங்கிய மீனில் செவுள் மூடியை வெட்டித் திறந்தேன். செவுளுக்கு மேலே தனியாக ஒரு அறை. அதில் மடிப்பு மடிப்பாக எலும்புத் தகடுகள்; மேலே ரத்தம் ஓடும் சிவந்த தோல். மீன் மேலே வந்து காற்றை விழுங்கி அங்கே நிரப்பிக்கொள்கிறது. மேலே வரவிடாமல் வலையால் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். விராலைத் திறந்தால் அறை உண்டு, இந்தத் தகடுகள் கிடையாது. தேளிக்கு வால்வரைக்கும் போகிற நீண்ட காற்றுப்பை. ஒரே சேற்றில், ஒரே கோடையில், ஒரே பிரச்சினைக்கு மூன்று விதமான தீர்வு. பத்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் நிரப்பத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் மீனைத் திறந்து பார்த்தார்கள் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

தவளையைப் பற்றி எழுதாமல் விட முடியாது, அதிகம் எழுதவும் மனமில்லை. எங்கள் லேபில் தவளை என்றால் ராணா ஹெக்ஸாடாக்டைலா, குளத்துப் பச்சைத் தவளை. இதற்கு 1834-ல் பெயரிட்ட லெஸ்ஸான் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் கிடைத்த தவளையை வைத்துத்தான் பெயரிட்டார்; இப்போது அதை யூஃப்ளிக்டிஸ் என்று மாற்றிவிட்டார்கள். தவளைக்கால் ஏற்றுமதி 1987-ல் நின்றது, லேபுக்கு வருவது நிற்கவில்லை. 2011-ல் யு.ஜி.சி. அறுவையைக் குறைக்கச் சொன்னது, 2014-ல் இளநிலை, முதுநிலை இரண்டிலும் அடியோடு நிறுத்தியது. எனக்கு அதில் வருத்தமில்லை. தவளையின் நரம்பு மண்டலத்தை நூறு பேர் நூறு தவளையில் பார்த்ததால் யாருக்கும் எதுவும் கூடவில்லை. பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு கத்தரித்தார்கள். வருத்தம் வேறு. அறுவையோடு சேர்த்துக் கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கமே பல இடங்களில் போய்விட்டது. சந்தையில் குழம்புக்கு வாங்கும் இறாலுக்கும் மீனுக்கும் எந்தத் தடையும் இல்லையே.

உயிரைக் கொல்லாத, அல்லது ஒரு கொசு அளவுக்குக் கொல்லுகிற ஒரு செய்முறைதான் எனக்கு மூன்று வருஷத்தில் ரொம்பப் பிடித்தது. கைரோனோமஸ். கொசு மாதிரி இருக்கும், கடிக்காத ஈ. அதன் புழு சாக்கடைச் சேற்றில் ரத்தச் சிவப்பாக நெளியும்; ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் அந்த நிறம். போலகத்தில் வீட்டுப் பின்பக்கம் தேங்கிய தண்ணீரில் கொட்டாங்கச்சி போட்டு அள்ளினால் வரும். புழுவை ஸ்லைடில் வைத்து, ஓர் ஊசியால் உடம்பை அழுத்திக்கொண்டு இன்னோர் ஊசியால் தலையை மெல்ல இழுக்க வேண்டும். தலையோடு கண்ணாடி மாதிரி இரண்டு சுரப்பி வழுக்கிக்கொண்டு வரும். மற்றதை ஒதுக்கிவிட்டு, அசிட்டோகார்மின் சாயம் ஒரு சொட்டு; காத்திருந்து, மூடுகண்ணாடி வைத்து, மேலே ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் நகர்ந்தால் எல்லாம் கூழ். மைக்ராஸ்கோப்பில் நான்கு குரோமோசோம்கள், ஒவ்வொன்றிலும் குறுக்கே வரிவரியாகப் பட்டைகள். ஓரிடத்தில் பட்டை வீங்கி வளையமாக நிற்கும். 1881-ல் பால்பியானி பாரிஸில் பார்த்தது இதைத்தான். மரபணு என்ற பேச்சே அப்போது பிறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாக்கடையிலிருந்து வந்த புழுவில் அது அப்படியே இருந்தது. லேப் அட்டெண்டர் அண்ணன் கதவைப் பூட்ட வந்து, "இன்னும் பாக்குறியா?" என்று தானும் குனிந்து பார்த்தார்.

சுற்றுலாவில் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் நிலையத்துக்கும், பிறகு மண்டபத்துக்கும் போனோம். குருசடைத் தீவின் பாலனோகுளோசஸ் பற்றி எல்லோரும் பரீட்சைக்குப் படித்திருந்தோம். 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா ஆகிவிட்டதால் எடுக்க முடியாது, ஜாடியில் பார்த்துக்கொண்டோம். பஸ்ஸில் பாட்டுப் பாடியதுதான் அதிகம்.

1992-ல் படிப்பு முடிந்தது. அந்த வருஷங்களில் விலங்கியல் பட்டதாரிக்கு எதிர்பாராத ஒரு கதவு திறந்தது. நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கடலோரமாக டைகர் இறால் பண்ணைகள் முளைத்தன. மரக்காணம் பக்கம் அவற்றுக்குக் குஞ்சு கொடுக்கும் ஹேட்சரிகள். அவற்றில் ஒன்றில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் வாரமே எனக்கு அந்த ஸ்பாட்டர் மேசை திரும்பக் கிடைத்துவிட்டது. முட்டையிலிருந்து வருவது நாப்ளியஸ். அது சாப்பிடாது, மஞ்சள் கருவில் வாழும், வெளிச்சத்தை நோக்கி வரும். விளக்கைக் காட்டினால் ஓர் ஓரத்தில் கூடும், அள்ளிக்கொள்ளலாம். பிறகு ஸோயியா, கீட்டோசெராஸ் என்ற பாசியைத் தின்னும். நன்றாகத் தின்கிறதா என்று தெரிய ஒரு பீக்கரில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். பின்னால் மலம் நீண்ட இழையாக வால் மாதிரி தொங்கினால் சரி, அறுந்து அறுந்து இருந்தால் பாசி போதவில்லை. அடுத்து மைசிஸ், தலைகீழாகத் தொங்கி, பின்பக்கமாகத் துள்ளும். நேராக முன்னால் நீந்த ஆரம்பித்துவிட்டால் அது போஸ்ட் லார்வா, விற்பனைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தப்பினால் ஒரு தொட்டி போய்விடும்.

கண்காம்பு வெட்டுவதும் அங்கேதான். ஓட்டுடலியின் கண்காம்பில் எக்ஸ் உறுப்பு, சைனஸ் சுரப்பி. சூலகம் முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அங்கிருந்து வருகிறது. இதை மூன்றாம் ஆண்டில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதினேன். ஹேட்சரியில் தாய் இறாலைத் தண்ணீருக்குள் பிடித்து, சூடாக்கிய இடுக்கியால் ஒரு கண்காம்பை நசுக்கித் துண்டிக்க வேண்டும். ஒன்றைத்தான், இரண்டையும் எடுத்தால் செத்துவிடும். தோல் உரித்த இறாலில் செய்யக் கூடாது. ஓடு கெட்டியாக இருப்பதாகப் பார்க்க வேண்டும். சில நாளில் முதுகுக்குள் சூலகம் பச்சையாகப் பருத்துத் தெரியும். ஐந்து மதிப்பெண் கேள்விகளில் எது உண்மையில் நடக்கும், எது நடக்காது என்பதைப் பல்கலைக்கழகம் தனியாகச் சொல்லித் தந்தால் தேவலை.

1994–95-ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. தலையோட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்பக்கம் வெள்ளைப் புள்ளிகள். பத்து நாளுக்குள் குளம் காலி. கூடவே எதிர்ப்பும் வந்தது. உப்புநீர் பக்கத்து வயலுக்குக் கசிந்தது, குடிதண்ணீர்க் கிணறு கரித்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. என் சம்பளம் இறாலிலிருந்து வந்தது, எங்கள் சாப்பாடு நெல்லிலிருந்து வந்தது. அப்பா அந்தத் தீர்ப்பைச் சத்தம்போட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். உப்பு ஏறின வயலை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பண்ணைக்காரர்கள் பக்கம் பேச என்னிடம் எதுவும் இருக்கவில்லை. சூழலியல் தாளில் உணவுச் சங்கிலி, உணவு வலை, சூழலியல் பிரமிடுகள் எல்லாம் எழுதினோம். ஒரு கடைமடை வயலில் உப்பு எப்படி ஏறும் என்று ஒரு வரி இருந்ததில்லை.

2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் வந்தது, பண்ணைகளுக்குப் பதிவு வந்தது. 2009-ல் வனாமி இறால் வந்து டைகர் இறாலை ஓரங்கட்டியது. நானும் அதோடு மாறினேன். இப்போது பண்ணை பண்ணையாகப் போய் இறாலைப் பார்த்துச் சொல்வதுதான் தொழில். பி.சி.ஆர். அறிக்கை கையில் வரும். ஆனாலும் முதலில் இறாலைத்தான் பார்க்கிறேன். செவுளின் நிறம், குடலின் நிரப்பு, கல்லீரல் கணையத்தின் ஓரம், உணர்கொம்பு முழுசாக இருக்கிறதா.

உதவிக்கு ஆள் எடுக்க வேண்டியிருக்கிறது. மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளைகள் இன்றும் வருகிறார்கள். 2016-ல் ஜிப்மர் காரைக்காலுக்கே வந்த பிறகும் வரிசை குறையவில்லை, நீளமாகத்தான் ஆகியிருக்கிறது. மதிப்பெண் பட்டியலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பட்டினச்சேரியில் வாங்கிய ஒரு இறாலும் ஓர் இடுக்கியும் ஒரு வெள்ளை அட்டையும் தருகிறேன். பலர் கணினியில் பார்த்திருப்பதாகச் சொல்லி முன்னாலிருந்து ஆரம்பிப்பார்கள். போன மாதம் நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெண் அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு வாலிலிருந்து ஆரம்பித்தாள். பதினெட்டு ஜோடி ஒழுங்காக வந்தது. "சார், மாக்ஸில்லுலா ஒண்ணு விழுந்துடுச்சு, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, தட்டைக் கழுவிய தண்ணீரை ஒரு பெட்ரி தட்டில் ஊற்றி வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தாள். அடுத்த ஆளை நான் கூப்பிடவில்லை. அவள் தேடி எடுக்கிற வரைக்கும் நியமனக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.